முழங்கால் அறுவையும் ஊற்றுணர்ச்சியும்

ஐம்புலன்களுள் ஊறே முதன்மையானது என்பது தமிழர் துணிபு. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர்க்கு உரியதாக வைத்தது இவ்வூற்றறிவையே. ஆயினும், மருத்துவ வரலாற்றில் இவ்வறிவு பலகாலும் பின்னிறுத்தப்பட்டது. முழங்கால் மூட்டுநார் அறுவையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1895ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ றொப்சன் என்பார் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்குநார்களைத் தைத்து இணைத்தார். 1917இல் ஹே குறோவ்ஸ் தொடைப்புறத்து உறைநாரைக் கொண்டு புதுநார் அமைத்தார். பின்வந்தோர் முழங்காற் சில்லின் கீழுள்ள நாணையும், பின்தொடைத் தசைகளின் நாண்களையும் எடுத்து நட்டனர். கண்டிப் பகுதியினர்க்கு இவ்வறுவை அயலானதன்று. 1906இல் திரினிற்றி, கிங்ஸ்வூட் கல்லூரிகள் தம்முட் பொருத நாள்தொட்டு றகர் விளையாட்டு வேரூன்றிய இடம் அது. ஓடுங்கால் சட்டெனத் திரும்புகையிற் குறுக்குநார் அறுதல் அவ்விளையாட்டில் நேர்வதொன்று.

மூட்டு உறுதி பெற்றதா என்பதே அறுவையின் வெற்றிக்கு முதல் அளவுகோலாயிற்று. ஆனால், முழங்காலின் உட்புறத்திருந்து சில்லின் கீழாகக் குறுக்கே செல்லும் மெல்லிய நரம்புக்கிளை ஒன்றுண்டு. நாண் எடுக்கும் பொருட்டுத் தோலைக் கீறுமிடத்து அது அறுபடவும் இழுபடவும் கூடும். அதனால் முழங்காலின் முன்புறத்திலும் வெளிப்புறத்திலும் மரமரப்புத் தோன்றும். அக்கிளை எத்தசையையும் இயக்குவதன்று. ஆதலின் நடைக்குக் கேடில்லை.

இழந்த உணர்ச்சி மீளுமாற்றை முறையாக ஆராய்ந்தவர் ஹென்றி ஹெட். அவர் 1903ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆந் திகதி தம் இடக்கையின் தோல்நரம்புகளை அறுப்பித்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் அவரது தோலை ஆண்டுக்கணக்காகச் சோதித்தவர் றிவேர்ஸ். நீலகிரியில் தோதவரின் புலனுணர்ச்சிகளை அளந்தவரும் அவரே. முடிபுகள் 1908இல் வெளிவந்தன. முதலில் வலியும் கடுஞ்சூடுங் குளிருமே உணரப்பட்டன. நுண்ணிய தொடுகை நெடிது பிந்தியது. உணர்ச்சியை இருவேறு நரம்புத்தொகுதிகளாக அவர்கள் பிரித்த கொள்கை இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும், மீட்சி மெல்லவே நிகழ்வது என்பது நிலைத்த உண்மை. அறுபட்ட நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளரும். மரத்த பரப்பு மாதக்கணக்கிற் சுருங்குதல் இயல்பு. சிலர்க்கு ஒருபகுதி என்றும் எஞ்சும். கூச்சமும் எரிவும் இடையில் தோன்றலாம். கோயிலில் மண்டியிட்டு வணங்குவோர் இவ்வேறுபாட்டை நன்குணர்வர்.

இதனை முன்னரே அறியாத நோயாளி, அறுவை பிழைத்ததென அஞ்சுவான். அதனினுங் கொடிய இடர் ஒன்றுண்டு. கம்பளை முதலிய மலைநாட்டு ஊர்களில் முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசி வெந்நீரொத்தடம் கொடுத்தல் வழக்கம். மரத்த தோல் சூட்டை அறியாது. அது வெந்து புண்ணான பின்னரே கண் அதனைக் காணும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என நிறுவினார். அவர் முயற்சியால் ‘இரணவைத்தியம்’ என்னும் அறுவை நூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறுவை நூலைத் தாங்கிய மொழிக்கு, அறுவையின் பின் தோல் மரக்கும் என்பதை நோயாளிக்கு உணர்த்துதல் அரிதன்று. கத்தி தொடுமுன் அச்சொல் அவன் செவியிற் படுதல் வேண்டும். மூட்டைக் காத்த மருத்துவம் தோலையுங் காத்ததாவது அப்பொழுதேயாம்.