குருமானில் கொஞ்ச நாள் ஓய்வு

டேவிட் லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவில் போன பாதையைப் பள்ளிக்கூட அட்லஸிலேயே பார்க்கலாம். அவருடைய மனைவி மேரி போன பாதையை நாமேதான் தேடி எடுக்கணும். நான் அவங்க கல்யாணத்திலிருந்து மேரியின் மரணம் வரையான தேதிகளை ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். 1845 ஜனவரி முதல் 1862 ஏப்ரல் வரை 17 வருஷம் 3 மாசம். அதில் இரண்டு பெரிய பிரிவுகளை மட்டும் கூட்டினாலே 8 வருஷத்தைத் தாண்டுகிறது. கிட்டத்தட்டப் பாதி.

மேரி ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர். 1821-ல், இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள கிரிக்வாடவுனில். அப்பா ராபர்ட் மொஃபட், சட்ஸ்வானா மொழியில் முழு பைபிளையும் கொண்டுவந்த லண்டன் மிஷனரி சங்கத்து ஊழியர். குடும்பம் நிலைத்த இடம் குருமான். கலஹாரி பாலைவனத்தின் விளிம்பில் வற்றாத ஒரு ஊற்று, அதிலிருந்து வெட்டிய வாய்க்கால், பழமரங்கள், கல்லில் கட்டிய தேவாலயம். வடக்கே இருந்த மிஷனரிகள் உடம்புக்கு முடியலைன்னா வந்து தங்குற இடமும் அதுதான். 1844-ல் சிங்கம் கடித்துத் தோள் எலும்பு நொறுங்கிய லிவிங்ஸ்டனும் தேறுவதற்கு அங்கேதான் வந்தார். தோட்டத்துப் பாதாம் மரத்தடியில் மேரியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டார்.

பிறகு கொலோபெங்கில் குடித்தனம். ரொட்டி சுடுவது, மெழுகுவத்தியும் சோப்பும் செய்வது, சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது, எல்லாம் மேரி. 1850-ல் கர்ப்பிணியாக, மூன்று குழந்தைகளோடு, மாட்டுவண்டியில் கலஹாரியைத் தாண்டி நிகாமி ஏரி வரை கணவரோடு போய்த் திரும்பினார். ஆகஸ்டில் பிறந்த எலிசபெத் ஆறே வாரத்தில் இறந்துபோனாள். மேரிக்கு முகத்தின் ஒரு பக்கம் வாதம் வந்தது. குருமானுக்குப் போய்ச் சில மாசம் தாய்வீட்டில் இருந்தார்கள். அவ்வளவுதான் ஓய்வு.

அடுத்த வருஷமே மறுபடியும் பயணம், மறுபடியும் கர்ப்பம். மாமியார் மருமகனுக்குக் கடுமையாகவே கடிதம் எழுதினார், பலனில்லை. வழியில் தண்ணீர் தீர்ந்து பிள்ளைகள் தாகத்தால் சாகக் கிடந்ததை லிவிங்ஸ்டனே எழுதியிருக்கிறார். செப்டம்பரில் ஆற்றங்கரையில் ஒரு மகன் பிறந்தான்.

1852 ஏப்ரலில் மேரியையும் நான்கு பிள்ளைகளையும் கேப் டவுனில் கப்பலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டு, லிவிங்ஸ்டன் வடக்கே திரும்பினார். மிஷனரிகளுக்குத் தாய்நாட்டு விடுப்பு என்றால் ஓய்வு, உறவு, சொந்த வீடு. ஆனா மேரிக்கு அது யாரோட தாய்நாடு? அதற்கு முன் ஒரே ஒருமுறை, 1839 முதல் 1843 வரை, பெற்றோரோடு போய் இருந்த தேசம். ஸ்காட்லாந்தில் மாமனார் வீட்டோடு ஒத்துப்போகவில்லை. கையில் பணமில்லாமல், வாடகை அறை மாற்றி மாற்றி நாலரை வருஷத்துக்கு மேல் ஓட்டினார். 1856 டிசம்பரில் கணவர் வந்தபோது நாடே அவரைக் கொண்டாடியது.

1858-ல் ஜாம்பேசி பயணத்துக்கு இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். கப்பலில் மேரி மறுபடியும் கர்ப்பம் என்று தெரியவந்தது. கேப் டவுனில் இறங்கி, அங்கிருந்து குருமானுக்குப் போனார். ஸ்வானா மக்கள் ஒரு தாயை மூத்த பிள்ளையின் பெயரால் அழைப்பார்கள். மேரி அவர்களுக்கு 'மா-ராபர்ட்', ராபர்ட்டின் அம்மா. லிவிங்ஸ்டன் தன் நீராவிப் படகுக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தார். படகு ஜாம்பேசியில் போய்க்கொண்டிருந்தது. பெயருக்குச் சொந்தக்காரி குருமானில் மகள் ஆனா மேரியைப் பெற்றெடுத்தார்.

1862 தொடக்கத்தில் ஒருவழியாக ஜாம்பேசி போய்ச் சேர்ந்தார். மூன்று மாசத்தில் மலேரியா. ஏப்ரல் 27 அன்று ஷுபாங்காவில் இறந்தார், வயது 41. ஒரு பாவோபாப் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

லிவிங்ஸ்டனின் பயணங்களால் அடிமை வியாபாரத்தின் கொடுமை ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணச் செலவுக் கணக்கில் குடும்பத்தின் பங்கையும் எழுதணும். ஆனா மேரி தன் அப்பாவை முதல்முறை பார்த்தது 1864-ல். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அம்மா இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது.