சேற்றில் ஒரு துறைமுகம்
பினாங்குக் கரையும் வலசைப் பறவைகளும்

பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த தமிழிலக்கண ஆசிரியர், ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தைக் கூதிர் எனக் குறித்தனர். வாடை வீசும் காலம் அது. பினாங்கில் இப்பகுப்புக்கு இடமில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ள அத்தீவில் ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் உண்டேயன்றி, பனி பெய்வதும் குளிர் வாட்டுவதும் இல்லை. எனினும் வடநாடுகளில் கூதிர் பிறந்துவிட்டதை அக்கரையில் நிற்பவர் அறிய ஒரு வழி இருக்கிறது. ஆகஸ்டு மாதம் முதலே சேற்றுக்கரைகளில் பறவைகள் வந்திறங்கத் தொடங்கும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் அவை ஆயிரக்கணக்கில் பெருகும்.

ஜார்ஜ் டவுன் நகரிலிருந்து கடற்காலைக் கடந்து எதிர்க்கரை சேர்ந்தால் பட்டர்வொர்த். அதற்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவார் என்னும் ஊரிலிருந்து மூடா ஆற்றின் முகம் வரை, அலையாத்திக் காடும் அகன்ற சேற்றுவெளியும் தொடர்ந்து கிடக்கின்றன. பினாங்கு மாநிலத்தையும் கெடா மாநிலத்தையும் பிரிக்கும் ஆறு மூடா. நாளுக்கு இருமுறை கடல்நீர் வடியும்போது அச்சேறு வெளிப்படும். நீர் ஏறும்போது மறையும். வழிப்போக்கர் கண்ணுக்கு அது பாழ்நிலம். ஆனால் அதன் வரலாறு ஜார்ஜ் டவுனின் வரலாற்றைவிடப் பழையது.

புலவர் கண்ட நாரை

பறவைகள் பருவந்தோறும் நாடு கடந்து செல்வதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாட்டைத் தமிழ் ஆசிரியர் அறியாதவரில்லை. பாண்டியன் தலைநகரில் குளிரால் நடுங்கும் வறிய புலவர், தென்குமரியில் நீராடி வடதிசை நோக்கித் திரும்பும் நாரையிடம், தம் ஊர்க் குளத்தில் தங்கித் தம் நிலையை மனைவிக்குச் சொல்லுமாறு வேண்டுகிறார். இது தூது என்னும் கற்பனையே. ஆயினும் அக்கற்பனைக்கு அடியில் ஒரு மெய் இருக்கிறது. தெற்கே சென்ற நாரை மீண்டும் வடக்கே போகும் என்பதில் புலவருக்கு ஐயம் இல்லை.

மேலைநாட்டு அறிஞர்க்கோ இவ்வுண்மை எளிதில் விளங்கவில்லை. இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரைச் சேர்ந்த கில்பர்ட் வைட், பறவைகளை நுணுகி நோக்கியவர். 1789இல் வெளிவந்த தம் நூலில் அவர்கூட, தகைவிலான் குருவிகளுள் சில குளிர்காலத்தை எங்கோ ஒளிந்து உறங்கிக் கழிக்கக்கூடும் என்னும் எண்ணத்தை விட்டாரில்லை. 1822இல் ஜெர்மனியில் ஒரு நாரை வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று தைத்திருந்தது. நாரை கடல் கடந்து சென்று மீண்டதற்கு அந்த ஈட்டியே சான்றாயிற்று. அப்பறவையின் உடல் இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பின்னர் 1899இல் டென்மார்க் நாட்டு ஆசிரியர் மார்ட்டென்சன் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் இட்டுப் பறக்கவிட்டார். வலசை ஆராய்ச்சி முறையான அறிவியலாக வளர அதுவே வித்து.

கடாரத்துக் கரை

மூடா ஆற்றின் வடபால் உள்ள நிலம் தமிழர்க்குப் புதிதன்று. பட்டினப்பாலை கூறும் காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை கூறுகிறது. கடாரம் இன்றைய கெடா. கி.பி. 1025இல் இராசேந்திர சோழன் கடற்படை செலுத்தி வென்ற கடாரமும் அதுவே. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, கடலில் வருவோர்க்குத் தொலைவிலேயே அடையாளமாய் நின்றது. அதன் அடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

அன்றைய வெல்லெஸ்லி மாகாணத்தில், அதாவது இன்றைய செபராங் பிறையில், 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அது புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனுடையது. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. பல்லவர் எழுத்தை ஒத்த எழுத்தில், வடமொழியில் அமைந்தது. கடற்பயணம் இனிது முடியவேண்டும் என்பது அதன் வேண்டுகோள். அக்கல் இப்பொழுது கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது.

பழைய மாலுமிகள் பருவக்காற்றை நம்பியே வந்தனர். ஒரு காற்றில் வந்தவர் மறுகாற்று எழும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். உணவும் நன்னீரும் கிடைக்கும் ஓர் ஒதுக்கிடம் இன்றியமையாதது. பறவைக்கும் நிலை அதுவே. அதுவும் காற்றின் துணை நோக்கிப் புறப்படும். இடைவழியில் தங்கி இரையுண்டு வலிமை பெறும். பின்னர் அடுத்த கட்டப் பயணத்தை மேற்கொள்ளும்.

ஆறுகள் கொண்டுவந்த வண்டல் இக்கரையைக் கடல் நோக்கி வளர்த்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து என்னுமிடத்தில் பழைய படகுத்துறைகளின் எச்சங்கள் இன்று கடலினின்றும் விலகி, உள்நாட்டில் காணப்படுகின்றன. கப்பலுக்கு வழியடைத்த வண்டல், கரையோரத்தில் சேறாய்ப் படிந்து நண்டுக்கும் சிப்பிக்கும் புழுவுக்கும் இடமாயிற்று. அவற்றைத் தேடிப் பறவை வந்தது.

ஏட்டில் ஏறிய பறவைகள்

பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது 1786இல். எதிர்க்கரை 1800இல் ஆங்கிலக் கம்பெனியார் கைக்கு வந்தது. கம்பெனியின் மருத்துவராகப் பணிபுரிந்த டென்மார்க் நாட்டவர் தியோடர் கேன்டர், பினாங்கிலும் வெல்லெஸ்லி மாகாணத்திலும் உயிரினங்களைத் திரட்டினார். ஊர்வன பற்றிய அவருடைய பட்டியல் 1847இல் வந்தது. அவர் சேர்த்த மலாயாப் பறவைகளின் பட்டியலைப் பிரடெரிக் மூர் 1859இல் வெளியிட்டார். அக்காலத்து ஆராய்ச்சியாளர்க்குத் துப்பாக்கியே தொலைநோக்கி. சுட்டு வீழ்த்திய பறவையைப் பதப்படுத்தி அனுப்பினால்தான் அது ஏட்டில் ஏறும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த ராபின்சன், மலாக்கா நீரிணையில் உள்ள கலங்கரை விளக்கங்களைப் பறவை நோக்கும் நிலையங்களாகப் பயன்படுத்தினார். இரவில் பறந்து வரும் பறவைகள் ஒளியால் ஈர்க்கப்பட்டு விளக்கில் மோதி விழும். அவற்றைத் தொகுத்துப் பார்த்து, எந்தப் பறவை எந்த மாதத்தில் நீரிணையைக் கடக்கிறது என்று குறித்தனர். மலாயா இயற்கைக் கழகம் 1940இல் தோன்றியது. மடாக் என்னும் காவல்துறை அதிகாரி, ஜப்பானியர் காலத்தில் சாங்கி முகாமில் அடைபட்டிருந்தபோது மலாயாப் பறவைகளைப் பற்றி நூல் ஒன்று எழுதினார். போருக்குப் பின் அது அச்சாகிப் பலரைப் பறவை நோக்கப் பழக்கியது.

1963 முதல் 1971 வரை மெக்லூர் என்னும் அமெரிக்கர் தலைமையில் ஆசியப் பறவைகளுக்கு வளையமிடும் பெரும்பணி நடந்தது. ஜப்பான் முதல் மலேசியா வரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் வளையம் பூண்டன. அதே காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சலீம் அலி தலைமையில் இந்தியாவில் வளையமிட்டனர். தமிழ்நாட்டுக் கோடிக்கரையும் அவர்கள் பணிக்களங்களுள் ஒன்று. கோடிக்கரைக்கு வரும் பறவைகளுட் பல நடு ஆசிய வழியில் வருவன. பினாங்குக் கரை சார்ந்திருப்பது கிழக்காசிய ஆஸ்திரேலியப் பறவை வழி. அது சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை செல்வது. 22 நாடுகளைத் தொடுவது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் செல்லும் பெருவழி.

அரிய விருந்தினர்

இக்கரைக்கு வருவனவற்றுள் பவளக்காலி, உப்புக்கொத்தி, மூக்கான், உள்ளான் வகைகள் மிகுதி. சேற்றில் அவை மேய்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. குறுகிய அலகுடைய உப்புக்கொத்தி மேற்பரப்பில் ஓடும் சிற்றுயிரைப் பற்றும். நீண்ட அலகுடைய மூக்கான் ஆழத்தில் உள்ள புழுவை எடுக்கும். ஒரே சேற்றில் பல இனங்கள் ஒன்றன் இரைக்கு மற்றொன்று இடையூறின்றி உண்பது இதனால்தான்.

கூட்டத்தினூடே அரிய பறவைகளும் தென்படும். நார்த்மன் பச்சைக்காலி அவற்றுள் தலையாயது. இரஷ்யாவின் சகாலின் தீவிலும் ஒகோட்ஸ்க் கடற்கரையிலும் முட்டையிடுவது அது. அங்கிருந்து பினாங்கு ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். உலகெங்கும் அவ்வினத்தின் தொகை இரண்டாயிரத்தின் அளவிலேயே மதிப்பிடப்படுகிறது. ஈரச் சேற்றில் நண்டைத் துரத்திப் பிடிப்பது அதன் இயல்பு. ஆசிய டௌவிச்சர் இன்னொன்று. அதனைக் கல்கத்தாவில் இருந்த பிளைத் என்னும் அறிஞர் 1848இல் உலகுக்கு அறிவித்தார். நேரான நீண்ட அலகைத் தையல் ஊசிபோல் சேற்றில் இறக்கி ஏற்றி அது இரைதேடும். கிரேட் நாட் என்னும் பெரிய உள்ளான், சாவகத் தீவில் கிடைத்த பறவையைக்கொண்டு 1821இல் பெயர் பெற்றது. கீழைக் குதிரைமலைக் கோட்டானோ, கரைப்பறவைகளுள் மிக நீண்ட அலகுடையது. சீனக் கொக்கும் இங்கு வந்துபோவதுண்டு.

இப்பறவைகளின் உடலமைப்பு வியப்புக்குரியது. நெடும்பயணத்திற்கு முன் சில இனங்கள் கொழுப்பேற்றித் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்ளும். பறக்கும்போது வேண்டாத குடற்பகுதியைச் சுருக்கிக்கொள்ளும். 2022இல் பட்டைவால் மூக்கான் குஞ்சு ஒன்று, பிறந்து சில மாதங்களே ஆன நிலையில், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தொலைவை இறங்காமல் 11 நாளில் கடந்தது. அதன் உடலில் பொருத்திய கருவி இதனைக் காட்டியது. எல்லாப் பறவைக்கும் இவ்வாற்றல் இல்லை. பெரும்பாலானவை வழிநெடுக உள்ள சேற்றுக்கரைகளை ஒன்றன்பின் ஒன்றாக நம்பியே வாழ்கின்றன. இடையில் ஒரு கரை இல்லையென்றால் அடுத்த கரை எட்டாது.

கரை சுருங்கிய கதை

கரையை மாற்றுவதில் மனிதர் முயற்சி பழையது. ஜார்ஜ் டவுனின் கடற்கரை வீதி ஒரு காலத்தில் பெயருக்கேற்பக் கடலை ஒட்டியே இருந்தது. 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்னும் துறைமுக வீதியை அமைத்தனர். எதிர்க்கரையில் சதுப்பு நிலத்துக்குக் கரைகட்டி, வாய்க்கால் வெட்டிக் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அங்கே மண் சுமந்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டவர் பலர்; அம்முறை 1910இல்தான் ஒழிந்தது. அத்தொழிலாளர்க்குச் சேறு என்பது காய்ச்சலும் கடனும் உழைப்புமே. அதனைப் போற்றிப் பேச அவர்களுக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. இருபத்தோராம் நூற்றாண்டில் தஞ்சோங் தோக்கோங்கிலும் கர்னி கடற்கரையிலும் கடல் மேலும் தூர்க்கப்பட்டது.

இதனால் விளைவது யாது என்பதை மஞ்சள் கடல் காட்டுகிறது. தென்கொரியாவின் செமாங்கம் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவர் 2006இல் அடைத்தது. அங்கே தங்கிச் சென்ற கிரேட் நாட் பறவைகள் வேறு கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணியவர் உண்டு. அவ்வாறு நிகழவில்லை. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் அவற்றின் தொகை குறைந்தது. 2015இல் அவ்வினம் அழியும் நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகளுள் பாதிக்கு மேல் மறைந்தன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். அதன் பின்னரே சீனா 2018இல் கடலைத் தூர்ப்பதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. அக்கரையின் பகுதிகள் 2019இலும், கொரியச் சேற்றுவெளிகள் 2021இலும் உலக மரபுச் செல்வங்களாயின.

கரையின் நன்மை பறவையோடு நிற்பதன்று. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பினாங்கு மாநிலத்தவர். அலையாத்தி மரங்கள் நின்ற இடங்களில் அலையின் வேகம் தணிந்ததாகப் பினாங்கு மீனவர் கூறினர். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தார் கூறியதும் அதுவே. மீனும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் இடமும் அச்சேறே. பறவை மிகுந்த கரை, மீனவர்க்கும் நல்ல கரை என்று கொள்ளலாம்.

கட்டடங்களுக்காக ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபு நகரமாயிற்று. கோயிலும் பள்ளிவாசலும் கடைவீதியும் காக்கப்படுவது முறையே. அந்நகருக்கு எதிரே கிடக்கும் சேற்றுக்கரை, நகர் தோன்றுமுன்பே வெளிநாட்டு விருந்தினரை ஏற்ற துறைமுகம். அதற்குக் கல்வெட்டு இல்லை. ஆண்டுதோறும் திரும்பிவரும் பறவைகளே அதன் சான்று.

சத்திமுத்தப் புலவர் நாரையிடம் எத்தனையோ வேண்டினார். குளம் இருக்குமோ என்று மட்டும் அவர் ஐயுறவில்லை. பறவை இறங்கும்போது நீர்நிலை அங்கே இருக்கும் என்பது, சொல்லவேண்டாத உறுதியாய் அவர் நெஞ்சில் இருந்தது. சகாலினிலிருந்து புறப்படும் பச்சைக்காலியும் அதே உறுதியோடுதான் கிளம்புகிறது. அந்த உறுதி பொய்யாகாமல் காப்பது கரையில் வாழ்வோர் கையில் இருக்கிறது.