நகரசபைப் பணமும் உழைப்பாளர் பிள்ளைகளும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் கோயில்களையும் மாளிகைகளையும் துறைமுகத்தையும் நோக்குவது வழக்கம். அதன் வரவுசெலவுக் கணக்கையும் ஒருமுறை நோக்குமாறு நாம் வேண்டுவோம். எந்தத் தெருவுக்கு விளக்கு முதலில் வந்தது, எந்த ஒழுங்கைக்குக் குழாய்நீர் கடைசியில் வந்தது என்பன அக்கணக்கிலே பதிந்து கிடக்கின்றன. நகரம் யாரைத் தன் மக்களென ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதனினும் நேர்மையான சாட்சி கிடையாது. அச்சாட்சியை முன்வைத்து நாம் இங்கு எழுப்பும் வினா ஒன்றே: வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளையைப் பகற்பொழுதிலே பேணிக் காக்கும் செலவு யாருடையது? தாயுடையதா, முதலாளியுடையதா, நகரத்தினுடையதா?

கொழும்பின் இரு கோடிகளிலே இவ்வினாவுக்கு வேர்கள் உள்ளன. வடக்கே கொட்டாஞ்சேனை. துறைமுகத் தொழிலாளரும் புறக்கோட்டை நாட்டாமைகளும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பகுதி அது. கொழும்பிலே தோட்டம் என்றால் மரமும் கொடியும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு பொதுக் குழாயைச் சுற்றி ஒற்றையறை வீடுகள் நெருக்கமாய் அடுக்கப்பட்ட குடியிருப்பே நினைவுக்கு வரும். அத்தகைய குடியிருப்புகளிலிருந்து பெண்கள் வேலைக்குச் சென்றது நேற்றுத் தொடங்கிய புதுமையன்று. நகரத்தின் களஞ்சியங்களிலே கோப்பி பொறுக்கியோரும் காரீயம் தரம் பிரித்தோரும் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தனர். தெற்கே வெள்ளவத்தை. இன்று நடுத்தர வகுப்பினரின் அடுக்குமாடிகளாற் பெயர்பெற்ற இப்பகுதி, ஒருகாலத்தில் இலங்கையின் மிகப் பெரிய நூற்பு நெசவாலையைக் கொண்டிருந்தது. ஆக, இரு கோடிகளிலும் உழைக்கும் தாய்மார் இருந்தனர். அவர்களுக்குப் பிள்ளைகளும் இருந்தனர்.

கொழும்பு மாநகரசபை 1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியே தோன்றியது. சொத்துடையோரே வாக்காளர். அவர்கள் செலுத்திய சோலைவரி அவர்களுக்கு வேண்டிய தெரு, வடிகால், விளக்கு, சந்தை ஆகியவற்றுக்குச் செலவாயிற்று. இவ்வேற்பாட்டிலே ஏழைப் பிள்ளைக்கு இடமில்லாமற் போனது வியப்புக்குரியதன்று. பிள்ளையின் நலன் வள்ளல்களின் கருணைக்கு விடப்பட்டது. 1831 இல் தொடங்கிய பிரெண்ட்-இன்-நீட் சங்கம் வறியோருக்கு உதவிற்று. 1879 இல் டீ சொய்சா பிரசவ விடுதி எழுந்தது. 1895 இல் லேடி றிஜ்வே சிறுவர் மருத்துவமனை திறக்கப்பட்டது. இவற்றின் பயனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் கொடையாக வந்தது கொடுப்போர் மனம் மாறினால் நின்றுவிடும். அதை உரிமையெனக் கேட்டுப் பெற இயலாது என்பது மனங்கொள்ளத் தக்கது.

பிள்ளை மாநகரசபைக் கணக்கினுள் முதன்முதலாக நுழைந்தது மரண எண்ணிக்கையாகவே. 1902 முதல் மாநகரச் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றிய வைத்தியர் மார்ஷல் பிலிப் போன்றோர் சிசு மரணத்தைச் சபையின் கவனத்துக்குக் கொணர்ந்தனர். பயிற்சி பெற்ற மருத்துவமாதர் சபையின் சேவையிற் சேர்க்கப்பட்டு வறியோர் வீடுகளுக்குச் சென்றனர். 1914 இல் கொழும்பிலே கொள்ளைநோய் பரவிற்று. அடுத்த ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நோய்க்குச் சோலைவரிப் பதிவேடு தெரியாது. தோட்டத்திலே தோன்றிய காய்ச்சல் மாளிகையின் மதிலையும் தாண்டும். சொத்துடையோர் சபை ஏழைக் குடியிருப்பின் மீது பணம் செலவிட இசைந்ததற்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகும். இவ்வகையிலே பிள்ளையின் உடலைச் சாகாமற் காப்பது நகரத்தின் பொறுப்பாயிற்று. அப்பிள்ளையின் தாய் வேலைக்குப் போனபின் அது எங்கே இருக்கும் என்னும் வினா எழவில்லை.

நிலைமையை மாற்றியது 1931 ஆம் ஆண்டு. ஆண் பெண் என்ற பேதமின்றி வாக்குரிமை வந்த ஆண்டு அது. 1932 இல் நடந்த இடைத்தேர்தலிலே, கொட்டாஞ்சேனைப் பக்கத்தை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து திருமதி நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அச்சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். அவருடைய கணவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து 1937 இல் கொழும்பு மாநகரத்தின் தெரிவு செய்யப்பட்ட முதலாவது நகரபிதாவானார். அதே ஆண்டில் வெள்ளவத்தைக்கு அயலான பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து வைத்தியர் மேரி இரத்தினம் மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். கனடாவிற் பிறந்து, 1896 இல் மருத்துவராக இலங்கைக்கு வந்து, தமிழரொருவரை மணந்து, தாய் சேய் நலத்துக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் தம் வாழ்வை ஈந்தவர் அவர். சட்ட நுணுக்கமொன்றின் பேரில் அவர் தம் ஆசனத்தை விரைவில் இழக்க நேர்ந்தது. எனினும் பிரசவ அறையையும் தோட்டத்து அடுப்படியையும் நேரிற் கண்ட ஒருவர் வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே அமர்வது சாத்தியம் என்பது நிறுவப்பட்டுவிட்டது.

வாக்குச்சீட்டுக்கு வெளியேயும் அழுத்தம் வளர்ந்துகொண்டிருந்தது. 1933 இல் வெள்ளவத்தை நெசவாலையிலே பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கொல்வின் ஆர். டி சில்வா முதலான வாலிபர் இயக்கத்தினர் தொழிலாளர் பக்கம் நின்றனர். தொழிலாளரிற் பெரும்பகுதியினர் மலையாளிகள் என்பதைக் காட்டி இனப் பகைமையை மூட்டவும் முயற்சிகள் நடந்தன. இலங்கையின் இடதுசாரி இயக்கத்தின் பிறப்பை எழுதுவோர் இவ்வேலைநிறுத்தத்தை விட்டு எழுதுவதில்லை. ஆனால் நாம் ஒன்றைச் சேர்த்துக் கூறுதல் வேண்டும். தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளில் கூலியும் வேலை நேரமும் முன்வரிசையில் நின்றன. பிள்ளைப் பராமரிப்பு பின்வரிசையிலேயே நின்றது. ஆலைச் சங்கொலி கேட்டுத் தாய் உள்ளே சென்றபின் பிள்ளை எங்கே என்பது சங்கத்தின் வினாவாக வளராமல் வீட்டின் கவலையாகவே எஞ்சிற்று.

இவ்வழுத்தங்களின் விளைவை 1939 ஆம் ஆண்டின் சட்டப் புத்தகத்திலே காணலாம். அவ்வாண்டின் 30 ஆம் இலக்கம் வறியோர் கட்டளைச் சட்டம். 31 ஆம் இலக்கம் கல்விக் கட்டளைச் சட்டம். 32 ஆம் இலக்கம் பிரசவ நலன்கள் கட்டளைச் சட்டம். அடுத்தடுத்து எண்ணிடப்பட்ட இம்மூன்று சட்டங்களையும் ஒருங்கே வைத்து நோக்குவோமாயின் ஓர் உண்மை தெளிவாகும். மூன்றாவது, பிள்ளை பிறக்கும் வேளையிலே தாய்க்குச் சில வார ஊதியத்தை முதலாளியிடமிருந்து பெற்றுத் தருகிறது. இரண்டாவது, பிள்ளை பள்ளி வயதை எய்தியதும் அரசின் பொறுப்பிலே கொள்கிறது. முதலாவது, கதியற்றவருக்கு உதவும் பொறுப்பை உள்ளூராட்சியின் மீது சுமத்துகிறது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரசபைகளே அதனை நடைமுறைப்படுத்தின.

பிறந்த சில வாரங்களுக்கும் பள்ளி வயதுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் எச்சட்டத்திற்கு உரியவை? குடும்பம் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தால் 30 ஆம் இலக்கம் உதவிக்கு வரும். தாய் உழைத்துச் சோறு போடும்வரை எதுவும் வராது. உழைப்பவளுக்கு உதவியில்லை, உழைக்க இயலாது வீழ்ந்தபின்னரே உதவி என்பது இதன் பொருள். இந்த இடைவெளி தற்செயலாக ஏற்பட்டதன்று. பிறப்பு, பள்ளி, வறுமை என்ற மூன்று தலைப்புகளிலே பொதுப்பணம் பகுக்கப்பட்டபோது, பெண்ணின் உழைப்பு என்ற நான்காவது தலைப்பு எவர் மனத்திலும் இருக்கவில்லை.

அத்தலைப்பு மனத்தில் இருந்த இடமொன்று இந்நாட்டிலேயே உண்டு. அது மலையகம். தேயிலைத் தோட்டங்களிலே பிள்ளைக் காம்பரா என்றும் பிள்ளை மடுவம் என்றும் வழங்கும் பகற் காப்பகங்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. கொழுந்து பறிக்கும் விரல்கள் பெண்களுடையவை. அவ்விரல்கள் மலைக்குச் செல்லாவிடில் தேயிலை இல்லை, இலாபமும் இல்லை. துரைமார் பிள்ளைக் காம்பராவைக் கட்டியது பிள்ளைமேல் கொண்ட அன்பினாலன்று என்பதை அவற்றின் பழைய நிலையே காட்டும். ஆயினும் ஒரு பாடம் உண்டு. பெண்ணின் உழைப்பு இன்றியமையாதது என்று கண்டபோது முதலாளித்துவம் காப்பகத்துக்குப் பணம் கண்டுபிடித்தது. கொழும்பிலோ அவ்வுழைப்பு கடைகளிலும் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் சிதறிக் கிடந்ததால், எந்த ஒரு முதலாளியும் அச்செலவைத் தன்னுடையதெனக் கருதவில்லை. சிதறிய உழைப்புக்குப் பொதுவான முதலாளி இல்லாதவிடத்து, பொதுவான நகரமே பொறுப்பேற்றல் வேண்டும்.

நகரம் இத்தகைய பொறுப்பை ஏற்க முற்பட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதற்குப் பாக்கு நீரிணைக்கு அப்பாலே ஓர் உதாரணம் உண்டு. 1920 இல் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையிலே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்குப் பரவிற்று. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லையென மேலரசு கூறியமையால் 1925 இல் அது நின்றது. பிள்ளைகளின் பசி நின்றுவிட்டதென எவரும் வாதிடவில்லை. பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதே வாதமாயிற்று. தலைப்பு இல்லாத நன்மை கணக்காய்வாளரின் பேனா முனையிலே உயிர்விடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையான சான்றைத் தருவது வியன்னா நகரம். 1919 இல் அந்நகரசபையைக் கைப்பற்றிய சமூக ஜனநாயகவாதிகள், நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னரின் திட்டப்படி ஆடம்பரத்துக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் பல வேலைக்காரரை வைத்திருந்த வீடுகளுக்கும் வரி விதித்தனர். அவ்வருவாயின் துணையோடு தொழிலாளர் குடியிருப்புகளும் அவற்றை ஒட்டிப் பாலர் பாடசாலைகளும் எழுந்தன. அப்பாடசாலைகள் உழைப்பாளரின் வேலை நேரத்துக்கு இசைய நெடுநேரம் திறந்திருந்தன. 1934 இல் அவ்வாட்சி பீரங்கிகளால் வீழ்த்தப்பட்டது. ஆனால் யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு நகரசபை தீர்மானிக்க இயலும் என்பதை அது உலகுக்குக் காட்டிவிட்டது.

மீண்டும் கொழும்புக்கு வருவோம். 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுத் தெருக்கள் ஆகியவற்றோடு, மக்களின் வசதியையும் நலனையும் பேணி வளர்ப்பதையும் சபையின் பணியாகக் கூறுகிறது. நலன் என்னும் சொல்லினுள் பிள்ளைக் காப்பகம் அடங்காது எனச் சொல்பவர் எவருமிலர். ஆனால் அது கட்டாயக் கடமையெனச் சட்டம் சொல்லவில்லை. கட்டாயமில்லாத செலவு ஒவ்வோராண்டும் குப்பை அகற்றலோடும் தெருச் செப்பனிடலோடும் போட்டியிட்டு முடிவில் தோற்றுவிடுகிறது. 1954 முதல் 1956 வரை என். எம். பெரேரா நகரபிதாவாக இருந்தார். இடதுசாரி இயக்கம் தலைமை ஆசனத்தை எய்தியபோதும், வருவாயின் எல்லையும் மேலரசின் மேற்பார்வையும் பழைய சட்டத்தின் வரம்புக்குள்ளேயே இருந்தன.

1970களின் இறுதியில் யுனிசெஃப் உதவியோடு கொழும்பின் தோட்டங்களிலே சமூக அபிவிருத்தி மன்றங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் தாமே குழாயையும் மலசலகூடத்தையும் பற்றிப் பேசும் இடமாக அவை அமைந்தன. சமுதாய மண்டபங்களிலே முன்பள்ளிகளும் நடந்தன. 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் முன்பள்ளிகளை மாகாண சபைகளின் விடயமாக்கிற்று. ஆகவே, இன்று பிள்ளையின் எடையை நிறுக்கும் மருத்துவமாது மாநகரசபைக்குரியவர். பிள்ளை எழுத்துப் பழகும் முன்பள்ளி மாகாணத்துக்குரியது. வளர்ந்தபின் செல்லும் பெரிய பள்ளிகள் மத்திய அரசுக்குரியவை. முன்பள்ளி நண்பகலோடு முடிகிறது. கடையிலே நிற்கும் தாயின் வேலை மாலையிலே முடிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மணித்தியாலங்கள் எவருக்கும் உரியனவல்ல. 1939 இலே ஆண்டுகளில் இருந்த இடைவெளி இன்று மணிக்கணக்கிலும் வந்து நிற்கிறது.

அவ்விடைவெளியை நிரப்புவது யார்? அம்மம்மா நிரப்புகிறாள், அவள் உயிரோடிருந்தால். அயல்வீட்டு மாமி நிரப்புகிறாள், அவளுக்குக் கொடுக்கக் கையில் ஏதும் இருந்தால். இரண்டும் இல்லாதபோது மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குச் செல்லாமல் வீட்டில் நிற்கிறாள். 1945 இல் கிடைத்த இலவசக் கல்வி அவ்வளவில் அவளுக்கு இல்லையாகிறது. வெள்ளவத்தையின் அடுக்குமாடியிலே இருவரும் உழைக்கும் குடும்பம் கட்டணக் காப்பகத்தை நாடும். அல்லது ஒரு பெண்ணை வீட்டுவேலைக்கு அமர்த்தும். அப்பெண் தன் பிள்ளையை எங்கே விட்டு வந்தாள் என்பதை வினவுவோர் அரிது. பிரசவ நலன்கள் சட்டத்தின் பிந்திய ஏற்பாடுகள் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு இரு இடைவேளைகளைத் தருகின்றன. காப்பகம் அமைத்துத்தரப்பட்டால் அரைமணியளவிலும் இல்லையேல் ஒருமணியளவிலும்.  வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கோ அச்சட்டமே எட்டவில்லை. இலங்கையின் பெண்களுள் மூன்றில் ஒரு பங்கினரளவே தொழிற்படையில் உள்ளனர் என்னும் கணக்கைக் கண்டு பொருளியலார் கவலை கொள்கின்றனர். அக்கவலைக்குரிய விடைகளுள் ஒன்று இம்மணித்தியாலங்களிலே இருக்கிறது.

பிள்ளையைப் பார்ப்பது தாயின் கடமை, அதற்கு நகரசபை எதற்கு என்பர் சிலர். தெருவைக் கூட்டுவதும் நீர் சுமப்பதும் ஒருகாலத்திலே வீட்டாரின் கடமைகளாகவே இருந்தன. பொதுவாகச் செய்வது எல்லோர்க்கும் நன்று எனக் கண்டபின் அவை நகரத்தின் கடமைகளாயின. பணம் எங்கே என்பர் வேறு சிலர். கடற்கரைத் தெருவிலும் காலி வீதியிலும் வானுயரும் கட்டடங்களின் பெறுமதி, அவற்றுள் கூட்டித் துடைக்கும் பெண்களின் உழைப்பாலும் பெருகியதே. அப்பெறுமதியின்மீது விதிக்கப்படும் சோலைவரியில் அப்பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு கேட்பது பிச்சையாகாது.

2018 இல் பெண்களுக்கான இருபத்தைந்து விழுக்காட்டு ஒதுக்கீட்டோடு உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அவ்வாண்டிலேயே ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதற் பெண் நகரபிதாவானார். 2025 இல் மற்றுமொரு பெண்மணி அவ்வாசனத்துக்கு வந்தார். மேரி இரத்தினம் தனியொருவராய் அமர்ந்த சபையிலே இன்று பல பெண்கள் அமர்ந்துள்ளனர். ஆசனம் வந்துவிட்டது; தலைப்பு இன்னும் வரவில்லை. நாம் கேட்பது அத்தலைப்பையே: பகற் காப்பகம் என்ற பெயரில், ஆண்டுதோறும், கட்டாயமாக, தாயின் வருமானத்துக்கேற்ற கட்டணத்தோடு, அவள் வேலை முடிந்து திரும்பும்வரை திறந்திருக்கும் ஒன்றுக்கான ஒதுக்கீடு.

மாநகரசபையின் வரவுசெலவுத் திட்ட வரைவு ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அதனைச் சென்று பார்ப்போர் மிகச் சிலர். ஆசிரியர் தம் மாணவரை அழைத்துச் சென்று அப்பக்கங்களைப் புரட்டச் செய்வாராயின், குடியியற் பாடநூல் கற்பிப்பதைவிட அதிகமாக அவர்கள் கற்பர். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்பதையும், எந்தத் தலைப்பே இல்லை என்பதையும் அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் அக்குறிப்பைத் தத்தம் வட்டாரத்து உறுப்பினரிடம் கொண்டு சென்று விளக்கம் கேட்கட்டும். வாக்குரிமையும் வேலைநிறுத்தமும் 1939 இன் மூன்று சட்டங்களுக்கு வழிவகுத்தன. அவற்றுக்கிடையே விடுபட்ட பிள்ளைக்கான நான்காவது சட்டமும் அவ்வாறு கேட்போரால்தான் வரும்.