கரித்துகளைவிட 100 மடங்கு பெரிய ஓட்டை... ஆனாலும் டீசல் ஃபில்டரில் புகை சிக்குவது எப்படி? கம்ப்யூட்டருக்குள் நடக்கும் சோதனை

பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த மஞ்சள் விளக்கு பழக்கமானதுதான். டேஷ்போர்டில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் சில புள்ளிகள். "டிபிஎஃப் அடைச்சிருக்கு சார், ஹைவேல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்பார் மெக்கானிக். அடிக்கடி எரிந்தால், "பேசாம அதைக் கழட்டிப் போட்டுடலாம், மைலேஜும் ஏறும்" என்ற யோசனையும் எங்கிருந்தாவது வரும்.

கழட்டிப் போடச் சொல்லும் அந்தப் பொருள் உண்மையில் என்ன செய்கிறது? அதன் உள்ளே கரி எங்கே போய் ஒட்டுகிறது? இதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் பொறியாளர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஃபில்டரை உருவாக்கி, அதில் புகையை ஊதிப் பார்க்கிறார்கள்.

டிபிஎஃப் என்றால் என்ன?

டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர். சைலன்சருக்குப் போகும் வழியில் இருக்கும் கரி வடிகட்டி. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய துகள்களின் எடை 25 மில்லிகிராமில் இருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. எடை மட்டுமில்லை, துகள்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. கிலோமீட்டருக்கு 60,000 கோடி. இது பெரிய எண்ணாகத் தெரியலாம். ஃபில்டர் இல்லாத டீசல் கார் கக்குவது இதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அதனால்தான் டீசல் கார்களுக்கு இந்த ஃபில்டர் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

பார்க்கத் தேன்கூடு மாதிரி இருக்கும். கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடு எனப்படும் பீங்கான் வகைப் பொருளில், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குழாய்கள். சூட்சுமம் என்னவென்றால், ஒரு குழாய்க்குப் பின்பக்கம் அடைப்பு. பக்கத்துக் குழாய்க்கு முன்பக்கம் அடைப்பு. உள்ளே போன புகைக்கு நேரே வெளியேற வழி கிடையாது. நடுவில் இருக்கும் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குழாய்க்குத் தாவித்தான் ஆக வேண்டும். சுமார் 0.3 மி.மீ. தடிமனுள்ள அந்தச் சுவர்தான் உண்மையான ஃபில்டர். பஞ்சு மாதிரி உள்ளே முழுக்க நுண்துளைகள்.

ஓட்டை பெருசு, கரி சிறுசு... அப்புறம் எப்படி?

இங்கேதான் ட்விஸ்ட். சுவரில் இருக்கும் துளைகளின் அகலம் சராசரியாக 10 முதல் 20 மைக்ரான். டீசல் கரித்துகள் ஒன்றின் அளவு சுமார் 0.1 மைக்ரான். அதாவது ஓட்டை, கரியைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியது. சல்லடைக் கணக்குப்படி பார்த்தால் எல்லாமே நழுவிப் போயிருக்க வேண்டும். ஆனால் நன்றாக வேலை செய்யும் டிபிஎஃப், துகள்களில் 95 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடுகிறது.

காரணம், இது சல்லடையே இல்லை. மாவு சலிக்கும்போது கப்பி மேலே நிற்பது அளவினால். இங்கே கரி நிற்பது சுவரில் முட்டி ஒட்டிக்கொள்வதால். இவ்வளவு சின்னத் துகள் சுவரைத் தொட்டுவிட்டால், அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பு அதை விடாது. ஆகவே கேள்வி 'ஓட்டை வழியாகப் போகுமா?' என்பதல்ல, 'போகும் வழியில் எங்காவது சுவரைத் தொடுமா?' என்பதுதான்.

தொடுவதற்கு மூன்று வழிகள். கனமான, வேகமான துகள் என்றால் காற்று வளையும் இடத்தில் தானும் வளைய முடியாமல் நேரே போய் மோதும். நடுத்தரத் துகள், காற்றோடு சேர்ந்து வளைந்தாலும் தன் உடம்பின் அகலத்தால் ஓரத்தை உரசிவிடும். ரொம்பச் சின்னத் துகளோ காற்று மூலக்கூறுகள் அடிக்கும் அடியில், திருவிழாக் கூட்டத்தில் இடிபடும் குழந்தை மாதிரி தாறுமாறாக அலைந்து, சுவரில் போய் விழும். இந்த மூன்றாவதற்குப் பெயர் பிரவுனியன் இயக்கம். 1827-ல் ராபர்ட் பிரவுன் மைக்ராஸ்கோப்பில் கவனித்தது. 1905-ல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டு விளக்கியது.

டிபிஎஃப் சுவருக்குள் காற்றின் வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். அதனால் முதல் வழி கிட்டத்தட்ட உதவாது. மூன்றாவதுதான் இங்கே ஹீரோ.

சுவரைக் கடக்கப் புகைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலைக் காற்றில், அந்த நேரத்துக்குள் 1 மைக்ரான் துகள் தாறுமாறாக அலையும் தூரம் ஒரு மைக்ரான்கூட வராது. 0.1 மைக்ரான் துகள் சுமார் 4 மைக்ரான் அலையும். 0.01 மைக்ரான் துகளோ 30 மைக்ரான் அலைந்துவிடும். அதாவது துளையின் அகலத்தைவிட அதிகம்; தப்பிக்க வாய்ப்பே இல்லை. சூடான புகையில் இந்த அலைச்சல் இன்னும் கூடும். சிறியது எளிதில் தப்பும் என்ற நம் பொதுப்புத்திக்கு நேர் எதிரான கணக்கு இது.

கொரோனா காலத்தில் "வைரஸ் சின்னது, மாஸ்க் ஓட்டை பெருசு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வாதம் பிழையானது என்பதற்கும் இதேதான் காரணம். ஹெப்பா ஃபில்டர்களை 0.3 மைக்ரான் துகளை வைத்துச் சோதிப்பதும் இதனால்தான். மோதுவதற்கு வேண்டிய கனமும் இல்லாமல், அலைவதற்கு வேண்டிய சிறுமையும் இல்லாமல், பிடிப்பதற்கு மிகக் கஷ்டமான அளவு அதை ஒட்டித்தான் வருகிறது.

கம்ப்யூட்டர் எதற்கு?

ஓடும் இன்ஜினில் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில், ஒரு மி.மீ.கூட இல்லாத சுவருக்குள் கேமராவை நுழைக்க முடியாது. வெளியில் இருந்து அளக்க முடிவது இரண்டுதான். உள்ளே போன கரி எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்பது ஒன்று. முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பது இன்னொன்று. நடுவில் நடந்தது மர்மம்.

அந்த மர்மத்தைத் திறப்பதுதான் சிஎஃப்டி, அதாவது கணினிவழிப் பாய்ம இயக்கவியல். பாய்மம் என்றால் திரவமும் வாயுவும் சேர்த்துத்தான்.

இந்தக் கதை கார்களுக்கு ரொம்ப முன்பே தொடங்கியது. பிரான்ஸில் தீஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்து, 1856-ல் ஒரு விதியை வெளியிட்டார். அழுத்த வேறுபாடு எவ்வளவோ, அதற்கு நேர் விகிதத்தில் ஓட்டம். மணலுக்குள் ஒவ்வொரு இடுக்கிலும் என்ன நடக்கிறது என்று கவலைப்படாமல், மொத்தமாக 'இந்தப் பொருள் இவ்வளவு தண்ணீரை விடும்' என்று ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். இன்றைக்கும் முழு டிபிஎஃப்-ஐக் கணக்கிடும்போது சுவருக்கு இந்த டார்சி விதியைத்தான் போடுகிறார்கள். வேறு வழியும் இல்லை. 1 லிட்டர் கொள்ளளவை ஒரு மைக்ரான் கட்டங்களாக வெட்டினால், 1-க்குப் பின்னால் 15 சைபர் போட வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரும் கையை விரித்துவிடும்.

கரி எங்கே ஒட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால் இந்த ஒரே எண் போதாது. 1989-ல் கான்ஸ்டாண்டோபூலோஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள், சுவரை உருண்டைகளின் கூட்டமாகக் கற்பனை செய்து, ஒரு உருண்டை எவ்வளவு கரி பிடிக்கும் என்று கணக்கிட்டு, அதை வைத்து முழுச் சுவரின் திறனைச் சொன்னார்கள். காகிதத்திலேயே போடக்கூடிய கணக்கு. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வேகம் கூடக்கூட, உருண்டைக் கற்பனையை விட்டு நிஜத் துளைக்குள்ளேயே இறங்கினார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

முதலில் சுவரில் ஒரு துணுக்கை வெட்டி எக்ஸ்ரே சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எடுப்பதுபோலத்தான், ஆனால் மைக்ரான் அளவு நுணுக்கத்தில். 0.3 மி.மீ. கனசதுரத்தை ஒரு மைக்ரான் கட்டங்களாகப் பிரித்தால் 2.7 கோடி கட்டங்கள். ஒவ்வொன்றும் பீங்கானா, வெற்றிடமா என்று குறிக்கப்படும்.

அடுத்து, வெற்றிடக் கட்டங்களில் காற்று எப்படி ஓடும் என்ற கணக்கு. அடிப்படை, 19-ம் நூற்றாண்டில் உருவான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு. இங்கே ஒரு சலுகை உண்டு. துளை அவ்வளவு குறுகல், வேகம் அவ்வளவு குறைவு என்பதால் சுழலோ கொந்தளிப்போ கிடையாது. தேன் வழிவதுபோல ஓட்டம் அமைதியாக இருக்கும். சமன்பாட்டின் கஷ்டமான பகுதியையே தூக்கிவிடலாம். ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளிலும் இதைச் செய்யலாம். இப்படிச் சிக்கலான துளைகளுக்கென்றே லாட்டிஸ் போல்ட்ஸ்மான் என்ற இன்னொரு முறையையும் பலர் விரும்புகிறார்கள்.

காற்று ஓட ஆரம்பித்ததும் கரித்துகள்களை ஒவ்வொன்றாக விடுகிறார்கள். ஒவ்வொரு நுண்நொடியிலும் காற்று இழுக்கும் இழுப்பு, அதோடு தாயம் உருட்டியதுபோல் ஒரு தற்செயல் தள்ளு. இரண்டையும் கூட்டித் துகளின் அடுத்த இடம் தீர்மானிக்கப்படும். சுவரைத் தொட்டால் 'அவுட்'. அது அங்கேயே நிற்கும். இப்படி ஒரு தொகுதி ஒட்டியதும் துளையின் வடிவமே மாறிவிடும் அல்லவா? அதனால் காற்றோட்டத்தை மறுபடி முதலிலிருந்து கணக்கிட வேண்டும். பிறகு அடுத்த தொகுதி. மறுபடி காற்று. கணக்கு நாட்கணக்கில் ஓடுவது இந்தச் சுற்றினால்தான்.

இப்படிப் பார்த்ததில் தெரிந்த விஷயம் சுவாரசியமானது. கரி சுவர் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. புகை நுழையும் பக்கத்து மேல் அடுக்கிலேயே, துளைகள் குறுகும் கழுத்துப் பகுதியில் குவிகிறது. ஒட்டிய கரிமேல் அடுத்த கரி ஒட்டி, இரு கரையில் இருந்தும் வளர்ந்து, கடைசியில் துளையின் குறுக்கே ஒரு பாலம் கட்டிவிடுகிறது. கொஞ்சம் கரிதான், ஆனால் சரியான இடத்தில் அடைப்பதால் அழுத்தம் சட்டென ஏறுகிறது. பாலங்கள் மூடியபின் புதிய கரி உள்ளே போகாமல் சுவரின் மேலேயே படலமாகப் படியும். அதன்பின் அழுத்தம் நிதானமாகத்தான் ஏறும்.

இதில் இருந்தே ஒரு தீர்வும் பிறந்தது. நுழைவுப் பக்கத்தில் மட்டும் இன்னும் நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய படலத்தைப் பூசினால், கரி உள்ளே இறங்காது; தொடக்க அழுத்த ஏற்றமும் குறையும்.

இன்னொன்று: புத்தம் புது ஃபில்டரைவிட, கொஞ்சம் கரி படிந்த ஃபில்டர்தான் நன்றாக வடிகட்டும்! கரிப் படலமே இன்னொரு ஃபில்டராகிவிடுகிறது. கரியை எரித்துச் சுத்தம் செய்த உடனே, சிறிது நேரத்துக்குத் திறன் இறங்குவதும் இதனால்தான்.

கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

கலர் கலராகப் படம் வந்துவிட்டாலே விடை சரி என்று ஆகிவிடாது. முதல் சிக்கல், கட்டம் ஒரு மைக்ரான் என்றால் கரித்துகள் அதில் பத்தில் ஒரு பங்கு. கரிப் படலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம்தான். ஆகவே கரி நிறைந்த கட்டத்தை 'முழுச் சுவர்' என்று எழுதினால் அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும். அதற்காக அந்தக் கட்டத்துக்கு மட்டும் டார்சி விதியைப் போட்டு, 'பாதி விடும், பாதி விடாது' என்று சமாளிக்கிறார்கள். எவ்வளவு விடும் என்ற எண்ணைச் சோதனைச்சாலையில் அளந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்கேன் செய்த துணுக்கு கடுகளவுகூட இல்லை. ஒரே துணுக்கை வைத்து முழு ஃபில்டரைப் பற்றிப் பேசுவது ஒரு பருக்கை பதம் பார்ப்பதுதான். பானை சோறு ஒரே சீராக வெந்திருந்தால் மட்டுமே அது செல்லும். அதனால் வெவ்வேறு இடங்களில் பல துணுக்குகளை எடுத்து, கிடைத்த விடையை நிஜ அழுத்த அளவோடு ஒப்பிட்டபிறகே ஏற்கிறார்கள்.

கழட்டினால், உடைந்தால்?

கரி ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் காரே புகையின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி அதை எரித்துவிடும். தெருமுனைக் கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓடும் காரில் இந்தச் சூடு வருவதில்லை. ஹைவே ரவுண்டு போகச் சொல்வது அதற்காகத்தான். விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்து, ஒருநாள் மொத்தமாகப் பற்றி, பீங்கானே உருகவோ விரியவோ கூடும்.

விரிசல் சின்னதுதானே என்று விட முடியாது. மெல்லிய குழாய்க்குள் ஓட்டம் அகலத்தின் நான்காம் அடுக்கில் கூடும் என்று 1840-களிலேயே பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் காட்டிவிட்டார். துளை 10 மடங்கு அகலமானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் ஏறக்குறைய 10,000 மடங்கு. எளிய வழி இருக்கும்போது புகை நுண்துளையைத் தேடாது.

டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 ஜூனில் சேர்த்தது. ஆனால் நம் ஊர் புகைப் பரிசோதனை மையத்தில் டீசல் வண்டிக்கு அளப்பது, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைத்தான். கண்ணுக்குத் தெரியாத 0.1 மைக்ரான் துகள், நவீன இன்ஜினில், அந்த மீட்டரில் பெரிதாகப் பதிவாகாது. ஃபில்டரைக் கழட்டிய காரும் பாஸ் ஆகிவிட வாய்ப்பு உண்டு. இந்த ஓட்டையை அடைக்கத்தான் நெதர்லாந்து 2023 ஜனவரி முதலும், ஜெர்மனி அதே ஆண்டு ஜூலை முதலும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நடக்கும் வாகனப் பரிசோதனையில் துகள்களை எண்ணியே பார்க்கத் தொடங்கின.

சரி, ஒழுங்காகப் பராமரித்தால் ஃபில்டர் கடைசிவரை வருமா? கரி எரிந்துவிடும். இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மங்களின் சாம்பல் எரியாது. அது குழாய்களின் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். அதற்கு ஹைவே ரவுண்டு உதவாது. கழட்டிச் சுத்தம் செய்து, திரும்ப மாட்ட வேண்டும். குறைந்த சாம்பல் தரும் ஆயிலையே ஊற்றச் சொல்லி கார் கையேட்டில் போட்டிருப்பது இதற்காகத்தான்.