செண்டாட்டக் களத்திற் பிறந்த கைமணிக்கூடு

விளையாட்டுக் களங்கள் மணிக்கூட்டுத் தொழிலுக்கு அளித்த கொடை சிறிதன்று. பாரிசு நகரிற் குதிரைப் பந்தயத்தின் வேகங் கணிக்க 1821 ஆம் ஆண்டில் றியூசெக் என்பார் ஒரு கருவி அமைத்தார். மெக்சிக்கோ நாட்டு மோட்டார்ப் பந்தயமொன்றின் பெயர் தாங்கி 1963 இல் ஹோயர் நிறுவனத்தின் ‘கரேரா’ எழுந்தது. ஆயின், நம் அயல்நாடாகிய இந்தியா காரணமாகப் பிறந்த ‘றிவேர்சோ’வை நம்மவருட் பலர் அறியார்.

மணிப்பூர் மக்களிடம் குதிரைச் செண்டாட்டமாகிய போலோவைக் கற்ற ஆங்கிலேயர், 1859 இற் சில்சாரிற் கழகம் நிறுவினர். (ஆட்டத்தை அளித்த மணிப்பூரோ 1891 இல் அவர்தம் படைக்கே பணிய நேர்ந்தது.) செண்டுக்கோலும் பந்தும் பட்டு அதிகாரிகளின் கைமணிக்கூட்டுக் கண்ணாடிகள் உடைந்தன. இந்தியா சென்ற சுவிற்சர்லாந்து வணிகர் சேசார் டி திரே என்பாரிடம் இக்குறை முறையிடப்பட்டது என்பர்.

தடித்த கண்ணாடியை நாடாது, முகத்தையே மறைக்கும் வழியைக் கண்டமை வியக்கத்தக்கது. றெனே அல்பிரட் சோவோ வகுத்த இவ்வமைப்புக்கு 1931 மார்ச்சு 4 ஆம் நாள் பாரிசிற் காப்புரிமை கோரப்பட்டது. செவ்வக உறை தன் தாங்கியிற் பக்கவாட்டில் நழுவிப் புரளும். முகம் மணிக்கட்டை நோக்க, உலோகப் புறம் அடியைத் தாங்கும். காவலுக்கென அமைந்த அவ்வுலோகமே செல்வர்தம் குலச்சின்னமும் பெயரெழுத்தும் பொறிக்கும் ஏடாயிற்று. ஆடம்பரம் புகுந்தது அவ்வழியே.

பின்னர் இது வழக்கொழியும் நிலை எய்திற்று. 1972 இல் இத்தாலிய வணிகர் ஒருவர் எஞ்சியிருந்த 200 உறைகளை வாங்கி விற்றதன் பின்னரே மறுவாழ்வு வந்தது. 1996 இல் முன்புறம் மணியும், பின்புறம் ஓட்டநேரமும் காட்டும் றிவேர்சோ வெளியாயிற்று.