முயலின் வலியும் ஜடாயுவின் குலமும்



போன வாரம் பேத்தியின் முயல் காலையிலிருந்து புல்லைத் தொடவில்லை. கூண்டு மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. முயல் பெரும்பாலும் கத்தாது, வலியை இப்படித்தான் காட்டும். என் முழங்கால் வலி மாத்திரையில் கால்வாசியை உடைத்தே விட்டேன். "தாத்தா, டாக்டரைக் கேட்காம கொடுக்காதீங்க" என்று பேத்தி தடுத்தாள். கால்நடை மருத்துவர் எடை பார்த்து மெலாக்சிகாம் சொட்டு மருந்து எழுதினார். என் மாத்திரையோ டைக்ளோஃபெனாக். "நல்லவேளை, கொடுக்கல" என்றார்.

இந்த இரண்டு மருந்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

என் சிறுவயதில் உழவு மாடு இறந்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள். பாறுக் கழுகுகள் வந்து சுத்தம் செய்துவிடும். புள்ளிருக்குவேளூர் என்ற வைத்தீஸ்வரன்கோயிலில் இராமர் ஜடாயுவைத் தகனம் செய்ததாக ஐதீகம்; ஜடாயு குண்டம் இன்றும் இருக்கிறது. நோய் தீர்க்கும் வைத்தியநாதர் சன்னிதியில் கழுகுக்கும் இடம் கொடுத்த நாடு நம்முடையது.

1990களில் மாடுகளின் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி பரவலாக வந்தது. விலை குறைவு, வலியும் அடங்கியது. ஆனால் ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்து, அதைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பாகிஸ்தானில் நடந்து 2004இல் வெளியான ஆய்வுதான் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தது. 1992 முதல் 2007க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது.

2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை அரசு தடை செய்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மாற்று மெலாக்சிகாம் என்பதும் அதே ஆண்டு உறுதியானது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால், 2015இல் ஒரு குப்பி 3 மி.லி.க்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைகளுக்குத் தடையாயின. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

மாட்டின் வலியைத் தீர்க்க நினைத்ததில் தவறில்லை. ஓர் உடம்புக்கு மருந்தாவது இன்னோர் உடம்புக்கு நஞ்சாகுமா என்று கேட்காததுதான் தவறு. அதே தவறை நானும் செய்யப் பார்த்தேன்.

வீட்டில் முயல் வளர்ப்பவர்களே, அது அரைநாள் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் குடல் நின்றுவிடும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவரிடம் போங்கள். நம் மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

மறுநாள் காலை முயல் அறுகம்புல் மென்றது. சொட்டுக் கணக்கைப் பேத்தி காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள்; என்னை நம்பவில்லை!

அன்புடன்,
உங்கள் சார்