அமெரிக்க மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டமும் தேசியச் சுற்றுப்போட்டியும்

விளையாட்டின் வரலாறு வெற்றி தோல்விகளின் நிரல் மட்டுமன்று. எவர் ஆடலாம், எவ்வளவு ஆடலாம், அவற்றை வரையறுக்கும் உரிமை எவர்பாலது என்னும் வினாக்களுக்கு ஒரு சமூகம் காலந்தோறும் அளித்துவந்த விடைகளின் வரலாறும் அதுவேயாம். ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே மகளிர் கல்லூரிகளுக்கிடையில் நடைபெறும் கூடைப்பந்தாட்டத் தேசியச் சுற்றுப்போட்டியின் தோற்றமும் வளர்ச்சியும் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும்.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் அமைக்கப்பட்டது. பத்தடி உயரத்திற் கட்டப்பட்ட பழக்கூடைகள் இரண்டும் பதின்மூன்று விதிகளுமே அதன் தொடக்கம். அடுத்த ஆண்டிலேயே அயலிலிருந்த நோர்தாம்ப்ரன் நகரத்து ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரென்சன் அதனைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் தம்முட் பொருதினர். அவ்வாட்டத்தைக் காண ஆடவர் எவரும் அனுமதிக்கப்பட்டிலர்.

பெரென்சன் விதிகளை அப்படியே ஏற்றாரல்லர். ஆடுகளத்தை மூன்று கூறாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தனக்குரிய கூற்றினைவிட்டு அகலலாகாது என வகுத்தார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தலையும் தடைசெய்தார். பெண்ணுடல் கடுமுயற்சியைத் தாங்காது என மருத்துவரும் பெற்றோரும் நம்பியிருந்த காலம் அது. அந்நம்பிக்கையை நேரே எதிர்த்திருப்பின் ஆட்டமே நின்றிருக்கும். ஆகவே, அவர் வகுத்த கோடுகள் ஒருபால் வேலியாகவும் மறுபால் காவலாகவும் அமைந்தன. அக்காலத்து மகளிர் கூடைப்பந்தாட்டத்தினின்று இங்கிலாந்திலே கிளைத்ததே, இலங்கையின் பெண்கள் பாடசாலைகளிற் பெரிதும் பயிலும் வலைப்பந்தாட்டம். அதன் ஆடுகளம் இன்றும் முக்கூறாக விளங்குதல் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கல்லூரியொன்று பிறிதொரு கல்லூரியோடு ஆடிய முதல் மகளிர் ஆட்டம் 1896ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழக மகளிர் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மகளிரை 2-1 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றனர். இத்தகைய தொடக்கத்தை நோக்குவார், தேசியப் போட்டி விரைவிலே தோன்றியிருக்கும் எனக் கருதுதல் இயல்பே. ஆயின் அது தோன்ற எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அதற்குத் தடையாய் நின்றோர் ஆடவர் மட்டுமல்லர். உடற்கல்வி பயிற்றிய பெண் ஆசிரியைகளுட் பலரும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியை விரும்பவில்லை. நுழைவுக் கட்டணமும் ஆரவாரமும் ஆடவர் விளையாட்டைக் கெடுத்துவிட்டன என்பது அவர்தம் துணிபு. ஒருசிலர் ஆடப் பலர் பார்த்திருத்தலினும் எல்லாரும் ஆடுதலே கல்வி எனக் கொண்டு, 1923ஆம் ஆண்டிலே லூ ஹென்றி ஹூவர் அம்மையாரின் தலைமையிற் கூடிய மகாநாட்டை அடுத்து அக்கொள்கையை நாடெங்கும் பரப்பினர்.

அக்கொள்கை உயர்ந்ததே, எனினும் அதன் விலையைக் கொடுத்தவர் மாணவியரே. மிசிசிப்பி மாநிலத்து டெல்ற்றா ஸ்ரேற் கல்லூரியில் மாக்கிறெற் வேட் என்னும் மாணவி 1930களின் தொடக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, இவ்வாட்டம் இளம்பெண்களுக்கு மிகக் கடினம் எனக் கூறி மகளிர் அணி கலைக்கப்பட்டது. அணியினர் தம் சீருடைகளைத் தீயிலிட்டுத் தம் எதிர்ப்பைக் காட்டினர். வேட் பின்னர் உயர்தரப் பாடசாலைகளிலே பயிற்றுநராய்ப் பல்லாண்டு பணியாற்றினார். அவர் கற்ற கல்லூரியிலோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மகளிர் அணியே இருக்கவில்லை.

1960களிற் காற்றுத் திசைமாறியது. பென்சில்வேனியா மாநிலத்து வெஸ்ற் செஸ்ரர் கல்லூரியின் பயிற்றுநர் கறொல் எக்மன் 1969ஆம் ஆண்டிலே பதினாறு அணிகளை அழைத்து முதலாவது தேசியச் சுற்றுப்போட்டியைத் தம் கல்லூரியில் நடாத்தினார். 1971ஆம் ஆண்டில் மகளிர் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நிறுவப்பெற்றது. பெண்களே அமைத்துப் பெண்களே நடாத்திய சங்கம் அது. அதே ஆண்டில் ஆடுகளத்தைப் பிரித்த கோடுகள் நீங்கின. ஐவர் கொண்ட அணி முழுக்களத்திலும் ஆடலாயிற்று.

அச்சங்கத்தின் முதலாவது சுற்றுப்போட்டி 1972ஆம் ஆண்டிலே இலினோய் மாநிலத்து நோமல் நகரில் நடைபெற்றது. பிலடெல்பியாவுக்கு அண்மையிலுள்ள இமாகுலாற்றா என்னும் சிறு கத்தோலிக்க மகளிர் கல்லூரியும் அதிற் கலந்துகொண்டது. அதன் உடற்பயிற்சி மண்டபம் சில ஆண்டுகளுக்கு முன் தீக்கிரையாகியிருந்தது. பயிற்றுநர் கதி றஷ் ஓர் ஆட்டப் பருவத்துக்குப் பெற்ற ஊதியம் 450 டொலர். பணமின்மையால் எட்டு ஆட்டக்காரிகளே பயணஞ்செய்தனர். சின்னாட்களுக்கு முன்னர் அவர்களை 70-38 எனத் தோற்கடித்திருந்த வெஸ்ற் செஸ்ரர் அணியே இறுதியாட்டத்தில் எதிர்நின்றது. இமாகுலாற்றா 52-48 என வென்றது. அடுத்த இரு ஆண்டுகளிலும் அப்பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

அதே 1972ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள், அரசின் நிதியுதவி பெறும் கல்விநிலையங்களிற் பால்வேறுபாடு பாராட்டலாகாது என விதித்த 'ஒன்பதாம் தலைப்பு' என்னும் சட்டப்பிரிவு நிறைவேறியது. கைவிடப்பட்ட அணிகள் மீண்டும் உயிர்பெற்றன. 1973ஆம் ஆண்டில் டெல்ற்றா ஸ்ரேற் கல்லூரி தன் பழைய மாணவியாகிய வேட் அம்மையாரையே பயிற்றுநராக அழைத்தது. லூசியா ஹரிஸ் என்னும் உயர்ந்த ஆட்டக்காரியின் துணையோடு, 1975ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அவ்வணி இமாகுலாற்றாவை 90-81 என வென்றது. 1976, 1977ஆம் ஆண்டுகளிலும் வெற்றி அதற்கே. சீருடையைத் தீயிலிட்ட மாணவி, அறுபது வயது கடந்தபின் அதே கல்லூரிக்குத் தேசியப் பட்டத்தை ஈட்டிக் கொடுத்தாள்.

புகழ் வளரப் பணமும் அதனைப் பின்தொடர்ந்தது. அதுவரை ஆடவர் விளையாட்டையே நடாத்திவந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், ஒன்பதாம் தலைப்பின் வீச்சைக் குறுக்க 1970களில் முயன்ற அதே நிறுவனம், 1981ஆம் ஆண்டிலே மகளிர் பெரும்போட்டிகளையும் நடாத்தத் தீர்மானித்தது. 1982ஆம் ஆண்டில் இரு தேசியச் சுற்றுப்போட்டிகள் ஒருங்கே நிகழ்ந்தன. மகளிர் சங்கத்தின் இறுதிப் பட்டத்தை றட்கேர்ஸ் பெற்றது. புதிய போட்டியின் முதலாவது பட்டத்தை, விவியன் ஸ்ரிங்கர் பயிற்றிய செய்னி ஸ்ரேற் என்னும் கறுப்பினத்தார் கல்லூரியை 76-62 என வென்று, லூசியானா ரெக் பெற்றது. தொலைக்காட்சி வருவாயையும் உறுப்புக் கல்லூரிகளையும் இழந்த மகளிர் சங்கம் நீதிமன்றிலும் தோல்வியுற்று மறைந்தது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையும் தீமையும் சீர்தூக்கத்தக்கன. அணிகள் பெருகின, 1982இல் 32 ஆக இருந்தவை 1994இல் 64 ஆயின. தெனசி, கனெற்றிக்கற் முதலிய பல்கலைக்கழகங்களின் அணிகள் பெரும்புகழ் எய்தின. ஆயின் நிர்வாகம் கைமாறியது. 1972ஆம் ஆண்டில் கல்லூரி மகளிர் அணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றினர். 2014ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 43 வீதமாகக் குறைந்தது. 2021ஆம் ஆண்டிலே ஆடவர்க்கு விசாலமான பயிற்சிக்கூடமும், மகளிர்க்குச் சில கைப்பாரங்கள் மட்டுமே கொண்ட ஒரு தாங்கியும் அளிக்கப்பட்டமை ஆட்டக்காரி ஒருத்தியின் படப்பதிவால் உலகறிய வெளிப்பட்டது. அதன்பின் எழுந்த விசாரணையின் பயனாகவே 2022ஆம் ஆண்டு முதல் மகளிர் போட்டியிலும் ஆடவர் போட்டியிற்போல 68 அணிகள் இடம்பெற்றன. 2024ஆம் ஆண்டில் தென் கறோலினாவும் அயோவாவும் பொருத மகளிர் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்டோர் 1 கோடி 80 இலட்சத்துக்கு மேற்பட்டனர். அத்தொகை அவ்வாண்டின் ஆடவர் இறுதியாட்டத்தைக் கண்டோர் தொகையை முதன்முறையாக விஞ்சியது.

1893இல் ஆடவர் பார்வை பெண்களின் ஆட்டத்துக்கு இழுக்கு எனக் கதவு அடைக்கப்பட்டது. 2024இல் நாடே அமர்ந்து பார்த்தது. எனினும் இதனை இடையறாத ஏறுமுகம் எனல் பொருந்தாது. பெண்கள் தம் விளையாட்டைத் தாமே ஆண்ட காலத்திற் பொருள் இல்லை. பொருள் வந்தபோது ஆட்சி பெரிதும் அவர்பால் இல்லை. முற்காலத்து ஆசிரியைகள் போட்டியை வெறுத்தமை பிழையாயினும், பணம் புகுமிடத்து ஆட்சி கைமாறும் என அவர்கள் அஞ்சியமை பிழையன்று. ஆடும் உரிமையும் ஆளும் உரிமையும் ஒருங்கே கைகூடும்போதே ஒரு விளையாட்டு அதனை ஆடுவோர்க்கு உரியதாகும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.